நூற்றுப் பதினான்கு முதல் நூற்று இருபத்தாறு வரை

சந்திரமதிக்கு முதலில் சந்தேகம்தான் வந்தது. கோபம் அப்புறம் வந்தது.

கணவரின் ஆங்கிலக் கணிதக் கட்டுரையைப் படியெடுத்துக்கொண்டிருந்தாள். நிரூபணத்தின் பதினான்காம் படியில் ‘ஏறக்குறைய’ என்று இருந்தது, பத்தொன்பதாம் படியில் ‘குறையாமல்’ என்று மாறியிருந்தது. இடையில் இருந்த நான்கு படிகளையும் மூன்று தடவை படித்தாள். மாறியதற்குக் காரணம் எங்கேயும் சொல்லப்படவில்லை. பேனாவைக் கீழே வைத்துவிட்டு, அதுவரை எழுதி அடுக்கிய பக்கங்களையும் பார்த்தாள். ஓர் அடித்தல் இல்லை, ஒரு மைத்துளி இல்லை.

அது 1932ஆம் ஆண்டு மார்ச் மாதம். ஜொகூரில், குளுவாங் ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒரு பலகை வீட்டில் அவர்கள் குடியிருந்தார்கள். ராஜசேகரன், தோட்டங்களின் எல்லையை அளந்து வரைபடம் போட்டுத் தரும் ஒரு சின்னக் கம்பெனியில் கணக்கர். காட்டுக்குள் சங்கிலி பிடித்து அளந்து வருகிறவர்கள் கொடுக்கும் தூரங்களையும் கோணங்களையும் ஏக்கராக மாற்றுவது அவர் வேலை. ரப்பர் விலை விழுந்து, தோட்டங்கள் ஆட்களைக் கும்பல் கும்பலாகக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்த காலம். கம்பெனியில் வாரத்துக்கு மூன்று நாள்தான் வேலை இருந்தது. மற்ற நாள்களில் அவர் ஏழு வருஷமாக விடாமல் பிடித்திருந்த ஒரு கேள்வியோடு உட்கார்ந்துவிடுவார்.

கேள்வி சின்னதுதான். தன்னாலும் ஒன்றாலும் தவிர வேறெதனாலும் மீதியில்லாமல் வகுபடாத எண்ணைப் பகா எண் என்பார்கள். இரண்டு, மூன்று, ஐந்து, ஏழு, பதினொன்று என்று அவை போய்க்கொண்டே இருக்கும். இரண்டுக்கு மேற்பட்ட எந்த இரட்டை எண்ணையும் இப்படிப்பட்ட இரண்டு பகா எண்களின் கூட்டலாக எழுதிவிடலாமா? பத்து என்றால் மூன்றும் ஏழும். இருபத்தெட்டு என்றால் ஐந்தும் இருபத்து மூன்றும். நூறு என்றால் மூன்றும் தொண்ணூற்றேழும். பார்த்த வரைக்கும் எல்லாம் வருகிறது. ஆனால் எண்களுக்கு முடிவில்லையே. பார்க்காத எண்ணுக்கு யார் பொறுப்பு? கோல்ட்பாக் என்பவர் 1742இல் ஒரு கடிதத்தில் எழுப்பிய கேள்வி இது. நூற்றுத் தொண்ணூறு வருஷமாக ஒருவரும் நிரூபித்துக் காட்டவில்லை.

ராஜசேகரன் நிரூபித்துவிட்டதாகச் சொன்னார். அதை லண்டனில் இருந்த ஒரு கணிதச் சங்கத்துக்கு அனுப்பப் போகிறார். அவர் எழுத்து எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கும். சந்திரமதி ஜொகூர் பாருவில் பாதிரிமார் நடத்திய பெண்கள் பள்ளியில் ஏழாவது வரை படித்தவள். ஆங்கிலக் கையெழுத்துக்குப் பரிசு வாங்கியவள். அதனால் படியெடுக்கும் வேலை அவளுக்கு வந்தது.

அவளும் அதை ஆசையோடுதான் ஏற்றுக்கொண்டாள். காரணம் இருந்தது. ஆறு வருஷத்துக்கு முன்பு ராஜசேகரன் தன் கணக்கில் ஒரு பக்கத்தைக் கம்பெனித் துரையிடம் காட்டியிருந்தார். துரை அதைப் பாதி படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்து, “கூட்டல் கழித்தலுக்குத்தான் உனக்குச் சம்பளம். நிரூபணம் எல்லாம் உங்கள் ஆட்களுக்கு வராது” என்று சொல்லிச் சிரித்தாராம். அன்று வீட்டுக்கு வந்த ராஜசேகரன் சாப்பிடவில்லை. அந்தச் சிரிப்பைச் சந்திரமதி காதால் கேட்டதில்லை. ஆனால் ஆறு வருஷமாக அது அவளையும் அறுத்துக்கொண்டுதான் இருந்தது.

மத்தியானம் அவர் சாப்பிட்டு எழுந்ததும் கேட்டாள்.

“என்னங்க, பதினாலாம் படியில ஒரு சந்தேகம்.”

“எழுத்து புரியலையா?”

“எழுத்து புரியுது. தொடர்ச்சியா வர்ற பத்துக்கு மேற்பட்ட எண்கள்ல ரெண்டு, மூணு, அஞ்சு, ஏழு, பதினொண்ணு, இதுகளால வகுபடுற எல்லாத்தையும் அடிச்சுட்டா, ஏறக்குறைய அஞ்சுல ஒரு பங்கு மிஞ்சும்னு எழுதியிருக்கீங்க. பத்தொம்பதாம் படியில அதுவே அஞ்சுல ஒரு பங்குக்குக் குறையாம மிஞ்சும்னு ஆயிடுச்சு. ஏறக்குறையன்னா கொஞ்சம் கூடவும் இருக்கலாம், குறையவும் இருக்கலாம் இல்லையா?”

ராஜசேகரன் சிரித்தார். கெட்ட சிரிப்பில்லை, செல்லச் சிரிப்பு. அதுதான் அவளைச் சுட்டது.

“நீ எழுத்தைப் பாரு சந்திரா. அர்த்தத்தை நான் பாத்துக்கிறேன்.”

“ரெண்டுலேருந்து பன்னெண்டு வரைக்கும் பதினோரு எண்ணு. அதுல ஒண்ணுகூட மிஞ்சலையே? எல்லாம் அடிபட்டுப் போகுதே?”

அவர் ஒரு கணம் யோசித்தார். “அது ஆரம்பம். ரெண்டும் மூணும் அஞ்சும் ஏழும் பதினொண்ணும் அந்தக் கூட்டத்துக்குள்ளேயே இருக்கு, அதனால அப்படி. கொஞ்ச தூரம் தள்ளிப் போனா எல்லாம் ஒழுங்காயிடும்” என்று சொல்லிவிட்டு வெற்றிலையை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார்.

ஒழுங்காகிவிடும் என்று எப்படித் தெரியும்? இதை அவள் வாய்விட்டுக் கேட்கவில்லை. கேட்காதது மனசுக்குள் கிடந்து முள்ளாகக் குத்தியது.

அடுத்த நாள் காலை, அவர் கம்பெனிக்குப் போனதும் ஒரு பழைய நாட்காட்டியின் பின்பக்கங்களை எடுத்து ஒன்றிலிருந்து எழுத ஆரம்பித்தாள். இரட்டை எண்களை அடித்தாள். மூன்றால் வகுபடுவதை அடித்தாள். ஐந்து, ஏழு, பதினொன்று. மிஞ்சியவற்றைச் சிவப்புப் பென்சிலால் வட்டமிட்டாள். முதல் நாள் ஒன்றும் அகப்படவில்லை. பத்துப் பன்னிரண்டு எண்ணுக்கு ஓர் இடத்தில் மூன்று எண் மிஞ்சும், ஓர் இடத்தில் இரண்டு, இன்னோர் இடத்தில் நான்கு. அவர் சொன்னதுதான் சரியோ என்று வெட்கமாகக்கூட இருந்தது. மூன்றாம் நாள் காலை அவள் பென்சில் நூற்றுப் பதின்மூன்றில் வட்டம் போட்டது. அதற்குப் பிறகு நூற்றுப் பதினான்கு அடிபட்டது. நூற்றுப் பதினைந்து, பதினாறு, பதினேழு எல்லாம் அடிபட்டன. அடித்துக்கொண்டே போனாள். நூற்று இருபத்தேழு வந்த பிறகுதான் அடுத்த வட்டம் விழுந்தது.

பதின்மூன்று எண்கள் தொடர்ச்சியாக. அவருடைய பத்தொன்பதாம் படி சொல்வதுபோல் அதில் இரண்டாவது மிஞ்ச வேண்டும். ஒன்றுகூட மிஞ்சவில்லை. அந்தப் படி உடைந்தால் அதற்கு மேல் கட்டியதெல்லாம் சரிந்துவிடும்.

அவள் சந்தோஷப்படவில்லை. ஏழு வருஷம். அடுப்படிக்குப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து மறுபடி சரிபார்த்தாள்.

அதற்குள் ஊரில் வேறு ஒன்று நடந்துவிட்டது. கடைத்தெருவில் அரிசிக் கடையும் துணிக்கடையும் வைத்திருந்த தேனப்பன், கடை மாடியில் தமிழர் வாசகசாலை ஒன்றை நடத்திவந்தார். காரைக்குடிப் பக்கத்துக்காரர், தாராளமான மனுஷர், தமிழன் யாராவது எங்காவது ஓட்டப்பந்தயத்தில் ஜெயித்தால்கூடக் கடையில் மிட்டாய் கொடுப்பார். ராஜசேகரன் அவரிடம் சொல்லிவிட்டார். தேனப்பன் நோட்டீஸ் அடித்துவிட்டார். ‘நூற்றுத் தொண்ணூறு ஆண்டுகளாக மேல்நாட்டாரால் அவிழ்க்க முடியாத கணித முடிச்சை அவிழ்த்த நம் தமிழருக்குப் பாராட்டு. ஞாயிறு மாலை நான்கு மணி. அனைவரும் வருக.’ சிகாமட், சாஆ, செடெனாக் என்று அக்கம்பக்கத்து ஊருக்கெல்லாம் நோட்டீஸ் போயிருந்தது.

சந்திரமதி நேரே கடைக்குப் போனாள்.

“செட்டியார், கூட்டத்தை ஒரு மாசம் தள்ளிப் போடணும்.”

“ஏன் தங்கச்சி? தம்பிக்கு உடம்பு சரியில்லையா?”

“கணக்குல ஒரு ஓட்டை இருக்கு.”

தேனப்பன் துணி முழக்கோலைக் கீழே வைத்தார். அவர் முகம் மாறியது. “யாரு சொன்னா?”

“நான்தான் பாத்தேன்.”

“நீயா!” அவர் அக்கம்பக்கம் பார்த்துக் குரலைத் தணித்தார். “இங்க பாரு தங்கச்சி. ஊரே நொந்து கெடக்குது. தோட்டத்துல ஆளை வெரட்டுறான். ஆபீசுல ஆளைக் கொறைக்கிறான். நம்மள மனுஷனாவே மதிக்க மாட்டேங்கிறான். இந்த நேரத்துல நம்ம ஆளு ஒருத்தன் தலை நிமிர்ந்து நிக்கிறான். வெள்ளைக்காரன் பொறாமைப்பட்டா எனக்குப் புரியும். வீட்டுக்காரியே காலை வாரி விடலாமா?”

“நீங்க படிச்சுப் பாத்தீங்களா?”

“எனக்கு இங்கிலீஷ் தெரியாது.”

“உங்க வாசகசாலையில யாராச்சும் படிச்சாங்களா? ஒரு ஆளு? ஒரு பக்கம்?”

“படிச்சாத்தான் நம்பணுமா? நம்ம ஆளு சொல்றான், நாம நம்புறோம். அவ்வளவுதான் லா.”

அவள் வெளியே வந்துவிட்டாள். வெயிலில் கண் கூசியது. படிக்காமலே ‘உங்களுக்கு வராது’ என்று சொன்ன துரைக்கும், படிக்காமலே ‘எங்களுக்கு வந்துவிட்டது’ என்று சொல்லும் இவருக்கும் என்ன வித்தியாசம்? ரெண்டு பேருமே அவள் கணவரின் ஏழு வருஷத்தைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. அதைத் தொட்டவள், எழுத்துக்கு எழுத்து உள்ளே போனவள் அவள் ஒருத்தி. அவளைப் பார்த்துத்தான் பொறாமை என்கிறார்கள்!

சனிக்கிழமை மத்தியானம் ராஜசேகரன் முன்னால் அந்த நாட்காட்டித் தாளை வைத்தாள். அவர் பார்த்தார். சிரிப்பு மெல்லப் போயிற்று. பென்சிலை வாங்கி நூற்றுப் பதினான்கிலிருந்து நூற்று இருபத்தாறு வரை ஒவ்வொன்றாக வகுத்தார். மறுபடி முதலிலிருந்து வகுத்தார். நான்காம் தடவை முடித்ததும் பென்சிலைக் கீழே வைத்தார்.

“ஆமா” என்றார் கடைசியில். “ஓட்டைதான்.”

அவளுக்கு அந்த நேரத்தில் அவரைக் கட்டிக்கொண்டு அழவேண்டும் போலிருந்தது. “போனா போகுதுங்க. மறுபடி பாக்கலாம். பதினெட்டாம் படி வரைக்கும் எல்லாம் நல்லாத்தான் இருக்கு. செட்டியார்கிட்டப் போய்ச் சொல்லிட்டு வாங்க.”

“நாளைக்குக் கூட்டம் சந்திரா.”

“அதனாலதான் இன்னைக்கே போகச் சொல்றேன்.”

“எல்லா ஊர்லேருந்தும் வர்றாங்க. அக்கா சாஆவுலேருந்து வருது. கம்பெனித் தொரைக்குக்கூட நோட்டீஸ் போயிருக்கு.” அவர் தாளை மடித்தார். “கூட்டம் முடியட்டும். அப்புறம் யாருக்கும் தெரியாம நான் சரி பண்ணிடுறேன்.”

“சரி பண்ண முடியலைன்னா?”

அவர் எழுந்து போய்விட்டார். மடித்த தாளையும் கையோடு எடுத்துக்கொண்டு போனார்.

ஞாயிற்றுக்கிழமை வாசகசாலையில் காலெடுத்து வைக்க இடமில்லை. ரப்பர் மரத்தில் பால்வெட்டு முடித்துக் குளித்து, இருந்ததில் நல்ல சேலையாகக் கட்டிக்கொண்டு செடெனாக் தோட்டத்திலிருந்து பெண்கள் ரயிலில் வந்திருந்தார்கள். ராஜசேகரனின் அக்காள் ராஜம்மா, சந்திரமதியின் பக்கத்தில் பெருமை தாங்காமல் உட்கார்ந்திருந்தாள். மேஜை மேல் சந்திரமதி படியெடுத்து முடித்த நாற்பது பக்கக் கட்டுரை மஞ்சள் துணியில் சுற்றி, பூ வைத்து, சாமி படம்போல வைக்கப்பட்டிருந்தது.

ஐந்து பேர் பேசினார்கள். இனி வெள்ளைக்காரன் தமிழனிடம் கணக்குப் படிக்க வரவேண்டும் என்றார் ஒருவர். கணக்கே தமிழனுடையதுதான் என்றார் இன்னொருவர். அந்தக் கேள்வி என்ன என்று ஐந்து பேரில் ஒருவரும் சொல்லவில்லை. கூட்டத்தில் ஒருவரும் கேட்கவும் இல்லை. கைதட்டல் மட்டும் கூரையைப் பிளந்தது.

சந்திரமதி பல்லைக் கடித்துக்கொண்டுதான் இருந்தாள். பேசுவதாக அவள் வரவில்லை. கடைசியாக எழுந்த தேனப்பன் பொன்னாடையைக் கையில் பிடித்துக்கொண்டு சொன்னார்: “சில பேரு இதுல தப்பு இருக்குன்னு சொல்லிக்கிட்டுத் திரியுறாங்க. இதுல ஒரு புள்ளிகூடத் தப்பில்லன்னு தம்பி எங்கிட்ட நேத்து சாயங்காலம் உறுதியாச் சொன்னாரு. இல்லையா தம்பி?”

ராஜசேகரன் தரையைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினார்.

நேற்று சாயங்காலம்! தாளை மடித்து எடுத்துக்கொண்டு போனதற்கு அப்புறம்!

அவள் எழுந்துவிட்டாள். ராஜம்மா முந்தானையைப் பிடித்து இழுத்தது அவளுக்குத் தெரியவே இல்லை.

“தப்பு இருக்கு” என்றாள். குரல் அவளே எதிர்பார்க்காத அளவுக்குப் பெரிதாக வந்தது. “நூத்திப் பதினாலுலேருந்து நூத்தி இருபத்தாறு வரைக்கும் பதிமூணு எண்ணு. ரெண்டு, மூணு, அஞ்சு, ஏழு, பதினொண்ணு, இந்த அஞ்சுல எதாலயும் வகுபடாத எண்ணு அதுல ரெண்டாவது இருக்கணும்னு கட்டுரையில இருக்கு. ஒண்ணாவது இருக்கான்னு பாருங்க. இங்கிலீஷ் வேணாம். வாய்ப்பாடு தெரிஞ்சா போதும்.”

“உக்காரும்மா!” என்று ஆண்கள் பக்கமிருந்து சத்தம் வந்தது. “அலமாக், பொண்டாட்டியே இப்படியா?” என்று யாரோ சிரித்தார்கள்.

தேனப்பன் கையை உயர்த்தி அடக்கினார். இந்தப் பெண்ணின் வாயை இங்கேயே அடைத்துவிடலாம் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். மனக்கணக்கில் அவரை மிஞ்ச அந்த ஊரில் ஆள் கிடையாது. “பாத்துடுவோம். நூத்திப் பதினாலு ரெட்டை, போச்சு. பதினஞ்சு, அஞ்சுல போச்சு. பதினாறு ரெட்டை. பதினேழு… மூணு முப்பத்தொம்பது, போச்சு. பதினெட்டு ரெட்டை. நூத்திப் பத்தொம்பது…” கொஞ்சம் நின்றார். “ஏழு பதினேழு நூத்திப் பத்தொம்பது. போச்சு. இருபது போச்சு. இருபத்தொண்ணு…” குரல் இறங்கியது. “பதினொண்ணு பதினொண்ணு.” அதற்கப்புறம் அவர் உதடு மட்டும் அசைந்தது. நூற்று இருபத்தாறு வந்ததும் பொன்னாடையை மேஜை மேல் வைத்தார்.

“என்ன தம்பி, எல்லாம் அடிபடுதே?” என்றார் மெதுவாக.

ராஜசேகரன் எழுந்தார். மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். மனைவியைப் பார்க்கவில்லை.

“அது… படியெடுக்கையில வந்த பிழை. நான் ‘ஏறக்குறைய’ன்னுதான் எழுதினேன். வீட்டுல எழுதுறப்ப மாத்தி எழுதிட்டாங்க. என் மூலத்துல சரியா இருக்கு.”

கூட்டம் மொத்தமாக மூச்சு விட்டது. பிறகு சிரிப்பு. பிறகு கைதட்டல். தேனப்பனுக்கு உயிர் திரும்பி வந்த மாதிரி ஆகி, பொன்னாடையைப் போர்த்திவிட்டார்.

கணக்கில் தப்பு வருவது பெரிய விஷயமா? யாருக்கும் வரும். ஆனால் அவள் கையெழுத்து! நாற்பது பக்கம் ஓர் அடித்தல் இல்லாமல் எழுதிய கையைக் காட்டி, அத்தனை பேர் முன்னால், அறிந்தே ஒரு பொய்! சந்திரமதி, வழிவிட்ட பெண்களுக்கு நடுவில் நடந்து, படியிறங்கி, தனியாக வீடு வந்து சேர்ந்தாள்.

பொழுது சாய்வதற்குள் ராஜம்மா வந்து குதித்தாள். “எழுதத் தெரியாம எழுதிப்புட்டு, எந்தம்பியச் சந்தி சிரிக்க வெச்சிட்டியே! நீ பண்ணின தப்ப அவன் தலையில கட்டப் பாத்தியா?”

“அண்ணி, மூலம் அந்தப் பெட்டியில இருக்கு. எடுத்துப் பாருங்க” என்றாள் சந்திரமதி.

“எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது.”

“அப்ப நான் தப்பா எழுதினேன்னு எப்படித் தெரிஞ்சுது உங்களுக்கு?”

ராஜம்மா சாஆவுக்குப் போகிற வண்டியைப் பிடிக்கப் போனாள்.

ராஜசேகரன் வந்தபோது பொன்னாடையை மடித்து அக்குளில் வைத்திருந்தார். “அந்த நேரத்துல வாய்ல வேற எதுவும் வரல சந்திரா” என்றார். அவள் பெட்டியைத் திறந்து, அவர் கைப்பட எழுதிய பத்தொன்பதாம் படியை எடுத்து அவர் முன் வைத்தாள். எறும்பு எழுத்துதான், ஆனால் ‘குறையாமல்’ என்பது தெளிவாகவே இருந்தது.

“கணக்கு தப்பானது பத்தி எனக்குக் கோபமில்ல. நான் தப்பா எழுதினேன்னு சொன்னீங்க பாருங்க, அதை இல்லைன்னு நீங்களே எல்லார் முன்னாலயும் சொல்லணும். அதுவரைக்கும் உங்க தாள் ஒண்ணையும் நான் தொட மாட்டேன்.”

அவர் சொல்லவில்லை. இன்றைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போட்டார். அதைவிடக் கொடுமை, திங்கட்கிழமையே அந்தக் கட்டுரையைத் தபாலில் சேர்த்திருந்தார் என்பது இரண்டு வாரம் கழித்து அவளுக்குத் தெரிந்தது. தேனப்பன் கூடவே தபாலாபீசுக்கு வந்து நின்றாராம். மறுக்க முடியவில்லையாம்.

“படியெடுத்ததுல தப்புன்னு ஊருக்கெல்லாம் சொன்னீங்களே. அதைத் திருத்தாம எப்படி அனுப்புனீங்க? ஒரு எழுத்தாவது மாத்துனீங்களா?”

அவர் வெற்றிலையை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார். வாசகசாலையிலும் இதை யாரும் யோசிக்கவில்லை. கடைத்தெருவில் அவள் நடந்தால், “எழுத்துல கோட்டை விட்ட அம்மா” என்று பின்னால் ஒரு பேச்சு வரும். ஐந்து மாதம் அதைக் கேட்டுக்கொண்டு நடந்தாள். வீட்டில் சோறு ஆக்கினாள், துணி துவைத்தாள், தேவையானதைப் பேசினாள். பகலில் தன் சொந்த நோட்டில் வேறொரு கணக்கைப் போட ஆரம்பித்தாள். பதின்மூன்றையும் சேர்த்து அடித்தால் தொடர்ச்சியாக எத்தனை எண் அடிபடும்? அவருடைய கணக்கைக் கெடுத்த ஓட்டை எவ்வளவு பெரிது என்று அவளுக்குத் தெரிந்தாக வேண்டும்.

செப்டம்பர் முதல் வாரத்தில் லண்டனிலிருந்து கடிதம் வந்தது. நான்கு வரி. ‘பத்தொன்பதாம் படி பதினான்காம் படியிலிருந்து கிடைக்காது. சராசரியில் உண்மையாக இருப்பது ஒவ்வோர் இடத்திலும் உண்மையாக இருக்க வேண்டியதில்லை. ஆகவே நிரூபணம் நிற்கவில்லை. இவ்வளவு தெளிவான கைப்பிரதியை அனுப்பியதற்கு நன்றி.’

ராஜசேகரன் அதைப் படித்துவிட்டு அவளிடம் நீட்டினார். “வா, செட்டியார்கிட்டப் போவோம்” என்றார். அவளுக்கு அது அதிசயமாக இருந்தது. கூடப் போனாள்.

கடையில் ராஜசேகரன் கடிதத்தைத் தமிழில் சொல்லக் கேட்ட தேனப்பன் பெருமூச்சு விட்டார். “லண்டன்லயே சொல்லிட்டாங்களா? அப்ப சரிதான் தம்பி. அப்ப தப்புதான்.”

ஐந்து மாதமாகத் தேக்கி வைத்திருந்தது அப்போதுதான் உடைந்தது.

“இப்ப எப்படிச் சரியாச்சு செட்டியார்?” என்றாள் சந்திரமதி. கடையில் அரிசி வாங்க நின்றவர்கள் எல்லாரும் திரும்பினார்கள். “உங்க வாயாலயே பதிமூணு எண்ணையும் வகுத்தீங்க. ஏழு பதினேழு நூத்திப் பத்தொம்பதுன்னு நீங்கதான் சொன்னீங்க. அந்த வாய்ப்பாடு அன்னைக்கு ஒண்ணு, இன்னைக்கு ஒண்ணா? வெள்ளைக்காரன் நம்மகிட்டப் படிக்க வரணும்னு மேடை போட்டுப் பேசினீங்க. கடைசியில உங்க கணக்கையே நீங்க நம்புறதுக்கு அவன் நாலு வரி எழுதிப் போட வேண்டியிருக்கு! நான் சொன்னா பொறாமை, அவன் சொன்னா சத்தியமா?”

தேனப்பன் கல்லாப்பெட்டியை மூடினார்.

“நம்ம ஆளை மதிக்கிறதுன்னா என்னன்னு நெனச்சீங்க? பூ வெச்சு மஞ்சத் துணி சுத்துறதா? இவரு ஏழு வருஷம் உக்காந்து எழுதினாரு. அதை ஒருத்தராச்சும் உக்காந்து படிச்சு, இங்க இடிக்குதேன்னு கேட்டிருந்தா, அது மதிப்பு. நான் அதைத்தான் செஞ்சேன். அதுக்கு எனக்குக் கெடைச்சது என்ன?”

கடைசிக் கேள்வியை அவள் தேனப்பனைப் பார்த்துக் கேட்கவில்லை.

ராஜசேகரன் முன்னால் வந்தார். “செட்டியார், இன்னொரு கூட்டம் போடணும். நான் பேசணும்.”

“தோத்ததுக்கு யாராச்சும் கூட்டம் போடுவாங்களா தம்பி? அப்படியே விட்டுட்டா எல்லாரும் மறந்துடுவாங்க.”

“முன்ன அடிச்ச அதே அளவு நோட்டீஸ். அதே ஊருக்கெல்லாம்” என்றாள் சந்திரமதி. “மறக்கக் கூடாது.”

அக்டோபரில் கூட்டம் நடந்தது. நோட்டீஸ் எல்லா ஊருக்கும் போனது. ஆனால் வந்தது முப்பது பேர்கூட இருக்காது. ராஜம்மா வரவில்லை. மேஜை மேல் பூவும் இல்லை, மஞ்சள் துணியும் இல்லை.

ராஜசேகரன் எழுந்து இரண்டே நிமிஷம் பேசினார். “படியெடுத்ததுல ஒரு பிழையும் இல்ல. பிழை என் மூலத்துல இருந்தது. எம்மனைவி கூட்டத்துக்கு முந்தின நாளே எனக்குக் காட்டிட்டாங்க. எனக்குத் தெரியும். தெரிஞ்சே பொய் சொன்னேன்.” அவ்வளவுதான். உட்காரும்போது நாற்காலி சத்தம் போட்டது. யாரும் கை தட்டவில்லை.

சந்திரமதி அவரைப் பார்த்தாள். கோபம் போய்விட்டதா என்று தனக்குள் தேடினாள். பாதி போயிருந்தது. மிச்சம் போக நாளாகும் என்று தெரிந்தது.

பிறகு அவள் கரும்பலகைக்கு முன்னால் போய் நின்று, ஐந்து பேர் சொல்லாமல் விட்டதைச் சொன்னாள். பகா எண் என்றால் என்ன, கேள்வி என்ன, எட்டு எப்படி மூன்றும் ஐந்துமாகிறது, முப்பது எப்படி ஏழும் இருபத்து மூன்றுமாகிறது என்று எழுதிக் காட்டினாள். கீழே இருந்தவர்கள் எண்ணைச் சொல்லச் சொல்லப் பிரித்துக் காட்டினாள். தேனப்பன் அறுபத்தெட்டைக் கேட்டார். அவள் எழுதுவதற்கு முன்பு அவரே, “ஏழும் அறுபத்தொண்ணும்” என்று சொல்லிவிட்டுக் கூச்சப்பட்டார்.

செடெனாக் தோட்டத்திலிருந்து இந்தத் தடவையும் வந்திருந்த பால்வெட்டுக்காரி பேச்சியம்மாள், கடைசி வரிசையிலிருந்து எழுந்தாள்.

“அப்ப அது எல்லா எண்ணுக்கும் வருமா வராதாம்மா?”

“தெரியாதுங்க.”

“ஒனக்குத் தெரியாதா?”

“யாருக்குமே தெரியாது. லண்டன்லயும் தெரியாது. வரும்னுதான் தோணுது. ஆனா தோணுறது நிரூபணம் இல்ல.”

பேச்சியம்மாள் இடுப்பில் கை வைத்தாள். “இத சொல்றதுக்கு என்ன கேடு வந்துச்சு அன்னைக்கு? மூணு மணிக்கு எந்திரிச்சு, வெட்டு முடிச்சு, ரயிலேறி வந்தோம். கை தட்டச் சொன்னீங்க, தட்டுனோம். எதுக்குத் தட்டுறோம்னு ஒருத்தன் எங்களுக்குச் சொன்னானா? நாங்க என்ன, கணக்குத் தெரியாத மாடா? தெனம் முந்நூத்தம்பது மரத்த எண்ணி வெட்டுறவ நான்!”

தேனப்பன் தரையைப் பார்த்தார். ராஜசேகரனும் தரையைப் பார்த்தார்.

அந்த அம்மாள் கேட்டது நியாயம். சந்திரமதி சுண்ணக்கட்டியை நீட்டினாள்.

“முந்நூத்தம்பதையே பிரிச்சுப் பாக்கலாமா? வாங்க.”

பேச்சியம்மாள் கோபம் ஆறாமலே, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, பெஞ்சுகளுக்கு நடுவே முன்னால் வந்தாள்.